காக்ஸ் டவுனுக்கு ஒரு பெட்டி வஞ்சிரம்

காலை ஆறு மணிக்குக் கடலூர் பேருந்து என்னைப் பெங்களூர் சாந்திநகரில் இறக்கிவிட்டது. ஜூன் மாதக் குளிர்காற்று. கையில் தெர்மாகோல் பெட்டி, அதில் ஐஸுக்கு நடுவே வஞ்சிரத் துண்டுகள். காக்ஸ் டவுன் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

"பாக்ஸ்ல மீனா சார்? தண்ணி ஒழுகாதில்ல?" என்றார் ஓட்டுநர். ஒழுகாது என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. பயணங்களில் பேசுவதெல்லாம் என் மனைவி அமுதாதான். அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. தனியாக நான் சரக்கோடு வந்தது இதுதான் முதல் தடவை.

மீன் பிடித்து ஒன்பது நாள். வெறும் ஐஸில் வைத்த துண்டு என்றால் இந்நேரம் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். நாங்கள் நல்ல பாக்டீரியா கலந்த நீரில் முக்கி எடுத்துக் குளிரில் வைக்கிறோம். அவை முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுவதால், மீனைக் கெடுப்பவை பெருக வழியில்லை. காக்ஸ் டவுன் மீன்கடையின் ஆர்டர் கிடைத்தால்தான் எங்கள் கூடத்தில் மீன் நறுக்கும் பெண்களுக்கு வேலை நிலைக்கும்.

எட்டு மணிக்கு மீன்கடையைத் திறந்த ஸ்டெல்லா, ஒரு துண்டை அங்கேயே வறுத்துத் தின்று பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்ண்ணா," என்றார். எனக்கு உயிர் வந்தது. இரண்டு துண்டைத் தட்டில் எடுத்த டீச்சரம்மா ஒருவர், இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். மருந்தில்லாத மீன் என்று அமுதா ஒரே வரியில் முடித்திருப்பாள். நான் விளக்கக் கிளம்பினேன்.

"தயிர்ல இருக்குற மாதிரி பாக்டீரியாதாம்மா."

"பேடப்பா, வேணாம். மீனும் தயிருமா? உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு விழும்." தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் போய்விட்டார். பின்னால் நின்றவர்களும் கோழிக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"மருந்துன்னு சொல்லியிருந்தாக்கூட வாங்கியிருப்பாங்கண்ணா," என்றார் ஸ்டெல்லா. அவர் கோபப்படாததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பெட்டியை அவரே மூடித் தந்தார். "இப்ப ஆர்டர் வேணாம். அஞ்சாறு மாசம் முன்னாடி போன்ல பேசுனாங்களே அண்ணி, அவங்களை ஒரு வாட்டி வரச் சொல்லுங்க. அவங்க எடுத்துச் சொன்னா ஜனங்க கேப்பாங்க. நானும் ஆர்டர் குடுக்குறேன்."

"சரிம்மா, சொல்றேன்," என்றேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து ஓசூரைத் தாண்டியது. பக்கத்து இருக்கையில் யாருமில்லை, பெட்டியை வைத்திருந்தேன். அமுதா இறந்தது கடலூரில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே என் எதிரில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. பெங்களூரில் மட்டும் ஒருவர் அவளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன், மனம் வரவில்லை. ஊர் போய் இறங்கியதும் ஆர்டர் என்னாச்சு என்று பெண்கள் கேட்பார்கள். அமுதா வந்தால் தருவார்களாம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?