சுவரில் மஞ்சள் பொட்டு

“கீழ விழாம பாத்துக்கிறதுக்கு ஒரு ஆபீசரா? விழுறவ சொல்லிட்டா விழுறா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா கேட்ட கேள்வி. படகு ஓட்டுகிற மனுஷன், தப்பாகக் கேட்கவில்லை. மீன் பேக்கிங் கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசர் என்றால் எங்கள் பட்டினச்சேரியில் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன்!

அதே கம்பெனியில்தான் அம்மா ஐஸ் கூடை தூக்குகிறாள்.

சேர்ந்ததும் ‘விழுந்தவர்கள் விவரம்’ என்று ஒரு நோட்டைத் தொங்கவிட்டேன். பெயர், தேதி, இடம். மூன்று மாதமாகியும் ஒரு வரி இல்லை.

“பாத்தீங்களா, நம்ம கம்பெனியில யாருமே விழல!” மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குத்தான் உறுத்தல். ஐஸ் தண்ணீரும் மீன் வழவழப்பும் கலந்த தரை... அதில் யாருமே விழவில்லையா?

போன வாரம் ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கம், சுவரின் அடியில் மஞ்சள் பொட்டுகளைக் கவனித்தேன். அம்மாவோடு கூடை தூக்கும் செல்வி அக்காவிடம் கேட்டேன்.

“அதுவா பாப்பா... யாராச்சும் விழுந்தா அந்த எடத்துக்குப் பொட்டு வச்சிருவோம். கண்ணு பட்ட எடம்ல? அது அடுத்தவளையும் தள்ளிறக்கூடாதுல்ல?”

என் நோட்டு காலி. சுவரிலோ மெஷினிலிருந்து கதவு வரை பொட்டு! தண்ணீர் ஓடுகிற வழி அப்படியே தெரிந்தது.

ஒரு பொட்டு மட்டும் இன்னும் காயவில்லை.

“இது யாரோடதுக்கா?”

அங்கே நின்ற எல்லோர் கண்ணும் அம்மா பக்கம் போனது. அவள் இடது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா பேரு எழுதுவ. பேரு ஏறுனா, ‘வயசாயிடுச்சு, வீட்ல இரு’ம்பாங்க. ஓன் நோட்டாலயே என் வேலை போவணுமாடி?”

அடிபட்ட கையை ஒளிக்க வைத்தது நோட்டில் நான் போட்ட பெயர்க் கட்டம்தானே?

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் சின்ன விரிசல். கட்டுப் போட்டு அழைத்து வந்தேன். அம்மா பயந்ததையே மேனேஜர் சொன்னார்: “வயசாயிடுச்சில்ல, நிறுத்திடலாமே?”

அவரைச் சுவருக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு பொட்டாகக் காட்டினேன். “இத்தனை பேருக்கும் வயசாயிடுச்சா சார்?”

“எனக்கு இருபத்தெட்டு சார்,” என்றாள் செல்வி அக்கா. “இதுல ரெண்டு என்னோடது!”

அவர் குனிந்து பொட்டுகளை எண்ணினார். கட்டுப் பிரிக்கிற வரை அம்மா உட்கார்ந்து லேபிள் ஒட்டட்டும், பிறகு பழைய வேலைக்கே வரட்டும் என்றார்.

வேலை போகவில்லை. ஆனால் தரை அதேதானே?

நேற்று புது நோட்டு போட்டேன் — பெயர் கேட்கும் கட்டம் இல்லாமல். இன்று காலை மேனேஜரிடம் கேட்டுக் கொத்தனாரை அழைத்து வந்து, தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டச் சொல்லி பொட்டுகளை ஒட்டி நானே சாக்பீஸால் கோடு போட்டேன்.

கோடு கோணல் என்று அம்மாவிடம் திட்டும் வாங்கியாச்சு!