ஞாயிற்றுக்கிழமை மைல்கல்

போன வாரம் வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, கைப்பேசிக்குள் இருக்கும் பெண் "தாம்பரத்துக்கு ஐம்பது நிமிடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தைப் பற்றிப் பொய் சொல்வது ஒரு காலத்தில் எவ்வளவு கனமான வேலை தெரியுமா? நான் தூக்கியிருக்கிறேன்.

இது பழைய தபால் ரோடு. மணி கட்டிய தடியும் தபால் பையுமாக ஆட்கள் ஓடுவார்களாம். எவ்வளவு ஓடினார்கள் என்று தெரிய மைலுக்கு ஒரு கல். மனுஷன் பொய் சொன்னாலும் கல் சொல்லாது என்று ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் எனக்கு முதல் சம்பளம் வந்தது.

இப்போதைய மறைமலை நகர் பக்கம் தன் நிலத்தை மனை போட்டு விற்ற தணிகாசலம் அண்ணனிடம் வேலை. ஞாயிறுதோறும் பட்டணத்திலிருந்து வேனில் ஆட்கள் இடம் பார்க்க வருவார்கள். விடிந்ததும் நானும் இன்னொருவரும் வண்டலூர் போய், 'தாம்பரம் 4' என்ற கல்லைப் பெயர்த்து, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, தாம்பரத்திலிருந்து பத்தாவது மைலில் இருந்த எங்கள் மனை வாசலில் நடுவோம். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவோம். திருடக் கூடாது என்பதில் அண்ணன் ரொம்பக் கண்டிப்பு.

"இன்னாப்பா, கல்லு நேரா கீதா?" இதைக் கேட்காமல் அவருக்குக் காலை டீ இறங்காது.

ஒரு ஞாயிறு வேனிலிருந்து என் அக்காவும் அவள் புருஷனும் இறங்கினார்கள். மாமாவுக்குத் தாம்பரத்தில் வேலை. கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலே மைல்! சைக்கிள்லயே போயிடலாம், என்ன மச்சான்?" என்றார். என் வேலை போய்விடுமே என்று தலையாட்டினேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

வீடு கட்டிக் குடிவந்தார்கள். நாலு மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதே என்று மாமா முதலில் சைக்கிளைச் சந்தேகப்பட்டார். செயினை மாற்றினார். பிறகு சைக்கிளையே மாற்றினார். கடைசியில் கல்லைப் பார்க்கப் போனார். அன்று புதன்கிழமை, கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனார், இருந்தது.

"மச்சான், அந்தக் கல்லு லீவு நாள்ல மட்டும் வருதுடா!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

நான் வாய் திறப்பதற்குள், என் உள்ளங்கையில் காய்த்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: "அது எப்பவும் அங்கதாங்க இருக்கு. நான் தினமும் பாக்குறேன். உங்களுக்குத்தான் கண்ணு சரியில்ல."

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டார். நான் மறுநாளே அந்த வேலையை விட்டேன்.

ரோட்டை அகலமாக்கியபோது கற்களெல்லாம் போய்விட்டன. மூன்று வருஷத்துக்கு முன் அக்காவும் போய்விட்டாள். மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "இன்னிக்கும் தெரியலடா மச்சான்" என்கிறார்.

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை மாமா என்று சொல்லிவிடத்தான் ஒவ்வொரு வாரமும் போகிறேன். சொன்னால் அக்கா பொய் சொன்னாள் என்றாகிவிடும். கண்ணாடியை வாங்கி, நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.