நீலப் பூவுக்குப் பக்கத்தில்

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தேவாலய வாசலில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த களைப்போடு பூக்கடை நிழலில் அமர்ந்திருக்கிறேன். கடற்காற்றில் மல்லிகை மணக்கிறது. இறந்துபோன என் கணவர் மலையகத்தில் கடைசியாக எடுத்த படங்களைக் கைபேசியில் பார்க்கிறேன். எல்லாம் விரல்நுனி அளவுச் செடிகள். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.

அதே மலையகத்தின் தலவாக்கலையிலிருந்து வந்து இங்கே பூ விற்கும் பெண் எட்டிப் பார்க்கிறாள்.

"இது புளியாரைங்க. தேயிலைக் கொழுந்து எடுக்கிறப்ப வாயில போட்டுக்குவோம். இது வல்லாரை."

"இந்த நீலப் பூ?"

"தெரியலீங்களே." படத்தை விரலால் பெரிதாக்குகிறாள். "பக்கத்துல தொப்பி போட்ட நிழல் ஒன்னு விழுந்திருக்கே, யாருங்க?"

இத்தனை மாதமாக நான் பூவை மட்டுமே பார்த்திருக்கிறேன். குனிந்த தோள், சாய்ந்த தொப்பி.

"என்ர மனுசன்," என்கிறேன்.