லென்ஸில் பொறித்த பெயர்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஆனந்தராஜாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. யாருடைய படிவமானாலும் நிரப்பித் தருவார். டேனிஷையும் ஆங்கிலத்தையும் அகராதியை வைத்துத் தாமே கற்றவர். வந்திறங்கிய நாளின் பஸ் டிக்கெட்கூடத் துளையிட்டு, திகதியிட்டு, அவருடைய கோப்பில் இருந்தது. ஏமாற்றப்பட்டவன் கையில் கடுதாசி இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

2009 மாசியில், தாம் ஏமாற்றப்பட்டதாகவே அவர் நம்பினார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த லோரன்ஸ், வார இறுதிகளில் கலியாணங்களுக்கும், தேவாலயத்தில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் சடங்குக்கும் படமெடுப்பவர், ஹம்பேர்க்கில் அவருக்கு ஒரு கமரா வாங்கிவந்து கொடுத்திருந்தார். லென்ஸைச் சுற்றிப் பேர்போன ஜெர்மன் கம்பெனியின் பெயர்; கமராவின் அடியிலோ, பொடி எழுத்தில், ஜப்பானில் செய்ததென்று இருந்தது. போலிச் சாமான் என்று ஆனந்தராஜா தீர்மானித்துவிட்டார். ரசீதையும் ஆதாரங்களையும் தமிழ்ப் பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். மகளின் முதல் நன்மைக்கு லோரன்ஸைச் சொல்லிவைத்திருந்த விக்ரோரியா வேறு படக்காரரைப் பிடித்தார்.

லோரன்ஸ் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: “அண்ணை, பேருக்குரியவன்ர அனுமதியோடைதான் மற்றவன் செய்யிறான். கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கோவன்.”

“கேக்கத்தான் போறன். மறுமொழி வரட்டும், பிறகு உம்மடை வாயைப் பாப்பம்.”

சித்திரை இருபத்திரண்டாம் திகதி மறுமொழி வந்தது. லென்ஸின் வரைபடமும் கண்ணாடிக்கு இடும் பூச்சின் முறையும் தங்களுடையவை என்று கம்பெனி எழுதியிருந்தது. கட்டணம் செலுத்தி, உரிமம் பெற்று, ஜப்பானியர்கள் அதைத் தங்கள் தொழிற்சாலையில் செய்கிறார்கள். “அங்கே லென்ஸைச் சோதிப்பவை எங்கள் அளவுக் கருவிகள். அவற்றில் தேறாத லென்ஸுக்கு எங்கள் பெயர் கிடையாது. உங்கள் கமரா அசல்.”

ஆனந்தராஜா இரண்டு தரம் வாசித்தார். துளையிட்டுக் கோப்பில் போட்டார்.

“என்னவாம்?” என்றார் மனைவி பவளராணி.

“சும்மா, விளம்பரம்.”

முதல் நன்மைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. அந்த ஞாயிறு தேவாலயத்தில் வேறொருவர் படமெடுக்க, லோரன்ஸ் கடைசி வாங்கில் கைகட்டி உட்கார்ந்திருந்தார் என்று பவளராணிதான் வந்து சொன்னார்.

வைகாசியில் இலங்கையில் போர் முடிந்த செய்தி வந்த மறுநாள், லோரன்ஸ் வாசலில் நின்றார்.

“அண்ணை, வன்னியிலை தங்கச்சி றோஸின்ர ஒரு தகவலும் இல்லை. செஞ்சிலுவைக்குப் படம் குடுக்கோணும். இது ஒண்டுதான் இருக்கு.” நகமளவு அடையாள அட்டைப் படம். “என்ர கமராவிலை இது பெருசா வராது. உங்கடை கமரா கிட்டத்திலை நல்லா எடுக்கும். ஒருக்கா எடுத்துத் தாறியளே?”

குரலில் குத்தல் இல்லை. அதுதான் ஆனந்தராஜாவைச் சுட்டது.

ஜன்னலோரம் வைத்து எடுத்தார். திரையில் றோஸின் புருவத்துத் தழும்புகூடத் துலக்கமாகத் தெரிந்தது. ஆனந்தராஜா உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்து, அந்தக் கடிதத்தைக் கழற்றி நீட்டினார்.

லோரன்ஸின் விரல் திகதியில் நின்றது. “நன்மைக்கு முன்னமே வந்திட்டுதோ?”

“ஓம்.”

“ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை.”

ஆனந்தராஜா கடிதத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, கமராவின் நினைவட்டையைக் கழற்றினார்.

“சரி, படத்தைத் தாங்கோ. செஞ்சிலுவைக் கந்தோரை நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்.”

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி மண்டபத்தில், போரில் மாண்டவர்களுக்காக மெழுகுதிரிகள் எரிந்தன. பலர் தொலைபேசியும் கையுமாக அழுதுகொண்டிருந்தார்கள். ஆனந்தராஜா விக்ரோரியாவின் முன் போய் நின்று, கடிதத்தைத் தமிழில் வாசிக்கத் தொடங்கினார்.

“இண்டைக்கு ஆருக்கண்ணை உது வேணும்?”

“லோரன்ஸுக்கு, பிள்ளை. நான் சொன்னது பிழை. பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் பேசாமல் இருந்தனான்.”

“ஏன்?”

“வெக்கத்திலை.”

விக்ரோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர் இல்லாத நேரம் எனக்கு மட்டும் ஏன் சொல்லுறியள்? அவர் பூசை முடிச்சு வருவார். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ.”

ஆனந்தராஜா ஒரு கதிரையை இழுத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.