‘வந்துரும் தங்கச்சி’ என்ற காதர் மாமா

காதர் மாமா போய்விட்டார்.

காலையில் உத்தமபாளையத்தில் இருந்து போன். மதியமே அடக்கம் என்றார்கள். திருப்பூரில் இருந்து நான் பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்...

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. மிலிட்டரியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

சுற்றுவட்டாரத்தில் எந்த மிலிட்டரிக்காரர் செத்தாலும், அந்த வீட்டு அம்மாவுக்குப் பென்ஷன் மனு எழுத வந்து நிற்பார். டீ மட்டும் வாங்கிக் குடிப்பார். கோபம் மூக்குக்கு மேல் வரும்.

எங்கள் அப்பாவும் மிலிட்டரிதான். பனியில் கால்விரல்கள் போய், மெடிக்கல் போர்டில் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டவர். அதற்கு ஒரு பென்ஷன் உண்டு, எழுதிப் போடு என்று மாமா சண்டையே போடுவார். "அடுத்த மாசம் பாப்போம் மச்சான்" என்று சொல்லிச் சொல்லியே அப்பா திராட்சைத் தோட்டத்தில் காலத்தை ஓட்டினார்.

ஒரு நாள் பந்தலுக்கு அடியிலேயே விழுந்தார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வந்தார். அம்மா பேருக்குக் கேட்டு எழுதுவோம் என்று சட்டையில் பேனாவோடு வந்திருந்தார்.

"டிஸ்சார்ஜ் புக்கை எடு தங்கச்சி. மச்சான் நம்பர் அதுலதான் இருக்கும். நம்பர் இல்லாம அங்கன ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான்."

"யூனிபார்ம் மடிப்புக்குள்ளதாண்ணே வச்சிருந்தாக" என்றாள் அம்மா.

யூனிபார்ம்...

அதைச் சித்தப்பா அப்பாவின் நெஞ்சுமேல் வைத்துத்தான் தீ வைத்திருந்தார். செத்தவர் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். மிலிட்டரிக்காரர், அந்த மரியாதையோடு போகட்டும் என்று நினைத்தார் மனுஷன். மடிப்பை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாமா சித்தப்பாவையே பார்த்தார். "நல்லா மருவாதி செஞ்சீக போங்க" என்றார். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமா அம்மாவிடம் கேட்டார், "பெட்டி எங்கன?"

மிலிட்டரிக்காரர்கள் டிரங்குப் பெட்டி மேல் நம்பரைப் பெயின்டில் எழுதியிருப்பார்களாம். அந்தப் பெட்டி கூடலூரில் அக்கா வீட்டில் இருந்தது. நீலப் பெயின்ட் அடித்து, ரோஜாப்பூ வரைந்து, அக்கா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்துவிட்டோம்! சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமாவும் நானும் கூடலூருக்கு பஸ் ஏறினோம். தின்னர் பாட்டிலும் பிளேடுமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணச் சீரைப் போயிச் சொறண்டுறாகளே" என்று அக்கா மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பூவு எங்கயும் போகாது தாயி, நானே திரும்ப வரைஞ்சு தாரேன்" என்றார் மாமா. அவருக்குக் கோழி வரையக்கூடத் தெரியாது.

ரோஜாவுக்கு அடியில் இருந்து வெள்ளை எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா அழுதுவிட்டாள். அப்பா கையெழுத்து அது.

கடைசி இரண்டு எண்கள் மட்டும் இல்லை. பூட்டுப் பக்கம் தகரத்தையே துரு தின்றுவிட்டது. மாமா அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வருஷக்கணக்கில் மிலிட்டரி ஆபீசுக்குக் கடிதம். மாமா குத்துமதிப்பாக இரண்டு எண்களைப் போட்டு அனுப்புவார். அப்படி யாரும் இல்லை என்று பதில் வரும். வேறு இரண்டைப் போடுவார்.

எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஆபீசுக்குப் போன் போட்டு இந்தியில் பேசுவார். கண்ணாடிக்கு உள்ளே விறைப்பாக நின்று, கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி 'சார்... சார்...' என்பார். வேர்த்து வழிய வெளியே வந்து அம்மாவிடம் ஒரே பதில்.

"வந்துரும் தங்கச்சி."

ஒருமுறை வேறு யாரோ ஒருவர் பெயரைப் போட்டு, இவரா என்று கேட்டுப் பதில் வந்தது. மாமா வாசித்துக் காட்டினார். அம்மா கேட்டாள், "அவுக வீட்டம்மாவுக்காச்சும் வந்துச்சாண்ணே?"

மாமா டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கடைசிவரை வரவில்லை. அம்மா அடுத்தவர் தோட்டத்துக்குப் பழம் வெட்டப் போய்த்தான் எங்களைக் கரையேற்றினாள். அவள் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்கு மட்டும் 'வந்துரும்' என்று அவர் சொல்லவில்லை. அம்மா பிழைக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது, சாயங்காலம், மாமிக்குப் போன் போட்டேன். மாமாவின் இரண்டாம் மனைவி. மூத்த மனைவி இறந்த பிறகு, மாமா ரிட்டயர் ஆகி வந்து கட்டிக்கொண்டவர்.

அழுது ஓய்ந்த குரல். "மருமகளே, அவுக புக்கு பத்திரமா இருக்குத்தா. ஆனா அதுல மூத்தவுக பேருதான் இருக்காம். எம்பேரைச் சேக்கவே இல்லையாம். ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தாகளே... நான் இத்தாவுல இருக்கேன், மாசக்கணக்குல வாசலைத் தாண்ட முடியாது. எனக்கு யாருத்தா எழுதுவா?"

எனக்கு முதல் வரி எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியாது மாமா. யாரைக் கேட்பது? கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் நீங்கள்தானே...

"எனக்கு வந்துருமாத்தா?" என்று மாமி திரும்பவும் கேட்டார்.

"வந்துரும் மாமி" என்றேன்.



போய் வாங்க மாமா.