நத்தை ஓடும் செலோ டேப்பும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். மடுல்சீமையில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "நம்ம புள்ளைங்கள பதுளை விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போவமா சார்?" என்று பாடசாலை அதிபரிடம் கேட்டதற்கு, "காட்ட நம்மகிட்ட என்னா இருக்கு டீச்சர், தேயிலைக் கொழுந்தா?" என்றார். வந்ததே எனக்கு ஆத்திரம்!

லுணுகலையில் போன் திருத்தும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) போய், உடைந்த திரைகளிலிருந்து ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் இரண்டு மெல்லிய படலங்களை உரித்து வாங்கினேன். பாடசாலை நுணுக்குக்காட்டியில், அதுதான் மைக்ரோஸ்கோப்பில், ஒன்றைக் கீழேயும் மற்றதை மேலே குறுக்காகவும் வைத்தால் வெளிச்சம் அடைபட்டுவிடும். நடுவில் பளிங்கு, அதாவது படிகம், இருந்தால் அது மட்டும் இருட்டில் மின்னும். நத்தை ஓடு முழுக்கப் பளிங்குதானே! மரக்கறிப் பாத்தியில் கிடந்த ஓட்டில் ஒரு சில்லை எடுத்து, கண்ணாடித் துண்டில் செலோ டேப்பால் ஒட்டிப் பார்த்தேன். அடேயப்பா, ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாக என்ன நிறம்! அதிபர் வாயைப் பிளந்தார். உடனே கல்விப் பணிமனைக்குப் போன் போட்டுப் பெருமையடித்து, சனிக்கிழமைக் கண்காட்சிக்கு வேனும் பேசிவிட்டார்.

வியாழக்கிழமை நானா, தன் படலம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வந்தார். கண்ணை வைத்தார்.

"டீச்சர், ஓடு இல்லாத எடத்துலயும் கலரா இருக்கே?"

ஓட்டுச் சில்லை எடுத்துவிட்டு வெறும் டேப்பைப் பார்த்தேன். அதே ஊதா, அதே மஞ்சள்; நிறம் ஓட்டுடையது இல்லை, டேப்புடையது. என் தலையில் இடி விழுந்தது. தடித்த சில்லு வெளிச்சம் புகாமல் வெறும் கரியாகத்தான் இருந்திருக்கிறது.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் டீச்சர்" என்றார் நானா. சொல்லாமல் விட எனக்கும் ஆசைதான். சொன்னால் வேன் போகாது. வெளியே பிள்ளைகள் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால், அவர்கள் வாயால் பொய்யை விளக்கவைப்பதா? வெட்கமாக இருந்தது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் சொரசொரப்பான உப்புத்தாளில் தண்ணீர் விட்டு ஓட்டைத் தேய்த்தேன். இரண்டு சில்லுகள் நொறுங்கின. மூன்றாவது, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்தது. டேப் இல்லாமல் பசையால் ஒட்டிப் பார்த்தேன். வானவில் இல்லை, சாம்பலும் வெள்ளையுமாக நெருங்கிய கோடுகள். கண்ணாடியைத் திருப்பினால் ஒரு கோடு இருண்டு, பக்கத்துக் கோடு வெளிச்சமாகிறது. வரிக்கு வரி பளிங்குகள் திசை மாறி அடுக்கியிருக்கின்றன.

அதிபரிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா நான் பெருமை பேசினது டேப்பையா?"

"ஆமாங்க சார். இப்பப் பாருங்க."

முறைத்துக்கொண்டே குனிந்தார். கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். மணியடித்தும் நிமிரவில்லை. பிறகு போனை எடுத்தார். வேன் போச்சு என்று நினைத்தேன்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது வெறும் டேப்பு" என்றார் பணிமனைக்காரரிடம். "இல்லைங்க, வேனை நிப்பாட்டல. நாளைக்கு நெசத்தையே கொண்டாறோம்."