வாத்து மார்க்கும் துவைகல்லும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் இசைவாணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் சரக்கும் உண்டு. களமருதூரில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, பத்தாவது முடித்த கையோடு திருப்பூருக்குப் போய், கல்யாணம் ஆகும்வரை ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே துணியில், ஒரே கை தைத்த உடுப்பில் லேபிள் கடைசியாகத்தான் ஏறும். பெரிய பேர் ஏறினால் ஒரு விலை, ஊர் பேர் தெரியாத பேர் ஏறினால் அதில் பாதி. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அவளுக்குப் பேர் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

கல்வராயன் மலைக்குத் தினமும் பைக்கில் ஏறும் வாத்தியார்களும் நர்சுகளும் வியாபாரிகளும் ஸ்வெட்டருக்கும் ரெயின்கோட்டுக்கும் அவளிடம்தான் வருவார்கள். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பி, தையலையும் ஜிப்பையும் இழுத்துப் பார்த்துத்தான் கடைக்குள் விடுவாள். அப்படித் தேறி வந்ததுதான் நெஞ்சில் வாத்துப் படம் போட்ட ஒரு கரும்பச்சை ரெயின்கோட். கோமுகி அணை மீனைப் பைக்கில் கட்டிக்கொண்டு மலைமேல் கரியாலூர் பக்கம் போய் விற்கும் பழனி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா இது, வாத்து கம்பெனி? பேரே கேட்டதில்லியே.”

“பேரா வந்து மழைய தடுக்கப் போவுது? தையல பாருங்கண்ணா. உள்ள ஒரு சொட்டு தண்ணி வந்துச்சின்னா நான் கடையவே மூடிட்டுப் போயிடறேன்.”

பழனி ஒன்று வாங்கினார். கடையில் இருந்த இரண்டு வாத்தியார்களும் அதைக் கேட்டு ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். பக்கத்து டீக்கடை வெங்கடேசன் காதிலும் அது விழுந்தது. வெங்கடேசன் காதில் விழுந்தால் தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் விழுந்த மாதிரி.

ஐப்பசி மழையில் ஒருநாள் பழனி சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள வந்து நின்றார். கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டார். “எப்பம்மா கடைய மூடப் போற?”

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். இசைவாணிக்கு நிலம் இல்லை, பெரிய இடத்துச் சொந்தம் இல்லை. ‘இசைவாணி சொன்னா சரியா இருக்கும்’ என்ற ஒரு பேச்சை வைத்துத்தான் இத்தனை நாள் கடை ஓடியது. கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். தையல்மேல் ஒட்டியிருந்த பட்டி உரிந்து தொங்கியது, உள்பூச்சு மாவாக உதிர்ந்தது. வாத்தியார் ஒருவருக்குப் போன் போட்டால், அவருடையது புதுசாகவே இருக்கிறது என்றார். அப்படியானால் இது மட்டும் ஏன்?

மறுநாள் காலையில் அவள் ஷட்டரைத் திறக்கவில்லை. “சொன்ன சொல்ல காப்பாத்திட்டாப்பா” என்று வெங்கடேசன் பாய்லரைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் அறிவித்தான். அவளோ கச்சிராயபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

பழனி வீட்டுப் பின்பக்கம் தூறலில் அவர் மனைவி சின்னப்பொண்ணு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மழை படாமல் இருக்கத் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். பேன்ட் ஒன்றை ஓங்கிக் கல்லில் அறைந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. இசைவாணிக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது.

“அக்கா, கோட்டையும் இப்படித்தான் தொவைச்சீங்களா?”

“பின்ன? தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா மீன் நாத்தம் போயிடுமா? அத போட்டுக்கினு மனுஷன் பக்கத்துல வந்து குந்தினா நான் சோறு துன்ன வேணாமா?”

கோட்டு மேல் குற்றமில்லை, துவைத்ததுதான் குற்றம் என்று சொல்லத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். அதை டீக்கடையில் போய்ச் சொன்னால் பேர் தப்பித்துவிடும். ஆனால் வாய் வரவில்லை. திருப்பூரில் யாரும் துணியைக் கல்லில் அடித்துப் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. மீன் விற்கிறவருக்குக் கோட்டை விற்றவள், அதை யார், எப்படித் துவைப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? வெட்கமாகத்தான் இருந்தது.

“தப்பு என்னுதுக்கா. வேற எடுத்தாரேன், இதே கல்லுல நீங்களே அடிச்சிப் பாருங்க” என்றாள்.

தெரிந்த ஏஜென்டுகளுக்கெல்லாம் போன் போட்டு, அடுத்த வாரம் ஒரு மூட்டையோடு போய் இறங்கினாள். சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒன்றில் ஜிப்பு தெறித்தது. ஒன்றில் தோள் பிரிந்தது. டிவியில் விளம்பரம் வரும் கோட்டு ஒன்றும் வாத்தைப் போலவே உரிந்தது. கடைசியாக ஒன்று, சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் போடுகிற ஒருவர் செய்தது. தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டியது. லேபிள் கிடையாது, நிறம் மாம்பழ மஞ்சள், பார்க்கச் சகிக்காது. சின்னப்பொண்ணு மூச்சு வாங்கும் வரை அடித்தாள். பிறகு கோட்டின் தலைமூடியில் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

“லாரிக்குப் போடறத எனக்குப் போடறியா?” என்றார் பழனி.

“மலையில மூடுபனியா இருந்தாலும் எதுர்ல வர்ற பஸ்ஸுக்கு நீங்க தெரிவீங்கண்ணா” என்றாள் இசைவாணி. பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

கடை மறுபடி திறந்த அன்று வாசலில் ஒரு துவைகல்லும் வந்து இறங்கியது. “வாத்து மேல தப்பு இல்ல, என் மேலதான் தப்பு” என்று டீக்கடையில் அவளே சொன்னாள். வாத்தியார்களுக்கு வாத்து, மீன்காரருக்கு மஞ்சள். வருகிறவர்களிடம் “வூட்ல யாரு தொவைப்பாங்க?” என்பதுதான் இப்போது அவள் முதல் கேள்வி. நம்பாதவர்கள் கல்லில் அடித்துப் பார்த்து வாங்கிப் போனார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் சின்னப்பொண்ணு வந்தாள். கையில் அதே உரச்சாக்கு மடிந்திருந்தது. மஞ்சள் கோட்டு ஒன்றை எடுத்தாள்.

“அண்ணனுக்குத்தான் குடுத்தாச்சேக்கா?”

“எனக்கும்மா. மழையில நானுந்தான் நிக்கறேன்.”

இசைவாணிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவ்வளவு நேரம் அந்தச் சாக்குக்கு எதிரில் நின்று கோட்டைப் பற்றியே பேசியிருக்கிறாள். கோட்டை வாங்கி, தன் கையாலேயே சின்னப்பொண்ணுக்குப் போட்டுவிட்டு, கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டாள்.

“ஒழுவினா கடைய மூடிடுவியா?” என்று சிரித்தாள் சின்னப்பொண்ணு.

“மூட மாட்டேன்க்கா. தொறந்துதான் வெச்சிருப்பேன். வந்து எம் மூஞ்சிக்கு நேரா கேளுங்க.”

வெளியே நல்ல வெயில். சின்னப்பொண்ணு கோட்டைக் கழற்றாமலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். சாக்கை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.